பத்தேகால் மணிக்கு ஒரு மலை

காற்றைப் பிடித்து, தாளில் ஒட்டவைத்து, கவரில் போட்டு அனுப்புவது என் தொழில். சிரிக்காதீர்கள், நீங்களும் மூச்சு விடுகிற ஆள்தானே, இந்தத் துன்பத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு.

தூத்துக்குடியில் துறைமுகச் சாலையிலிருந்து பிரிகிற ஒரு தெரு. அதில் ஒரு மாடி வீடு. அந்த மொட்டைமாடியில் இரண்டு மெஷின்கள். பெரியது ஆளுயரத் தகரக் கூண்டு. உள்ளே மோட்டார் இரைந்துகொண்டே காற்றை உறிஞ்ச, மேலே மாட்டிய வெள்ளைத்தாளில் அழுக்கு தங்கும். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்ற வேண்டும். சின்னது, குழாய் மூக்கை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெட்டி. டீசலோ நிலக்கரியோ விறகோ எரியும்போது கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கிற கரித்துகள் இருக்கிறதே, அது காற்றில் எவ்வளவு என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சென்னைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை இரண்டுக்கும் நான்தான் துணை.

எனக்கு வயது ஐம்பத்திரண்டு. படிப்பு பத்தாவதோடு நின்றது. ஐஸ் பிளாண்ட், தியேட்டர், உப்புக் கம்பெனி காவல் என்று பார்த்த வேலை எல்லாம் ராத்திரி வேலை. எதிலும் நிலைத்து நின்றதில்லை. பகலில் தூக்கம் வராது, ராத்திரியில் தூங்கக் கூடாது. அதனால் மெஷினோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை அகராதி வைத்து எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தேன். தானாகப் படித்தவனிடம் ஒரு ஆபத்து உண்டு. படிக்காததும் தெரியும் என்று நினைத்துக்கொள்வான்.

கொஞ்சம் கூட்டி வையுங்க

மெஷின் வந்த புதிதில் தெருவில் எனக்கு நல்ல மரியாதை. பார்க்கிறவர்கள் எல்லாம் வணக்கம் சொன்னார்கள். ஒரு வீட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பாயசம்கூட வந்தது. காற்றை அளப்பவனுக்கு இவ்வளவு மதிப்பா என்று நெஞ்சு விம்மியது.

காரணம் தெரிந்தது ஒரு நாள் காலை, வேலை முடிந்து நான் இறங்கும் நேரத்தில். பக்கத்து வீட்டுக்காரம்மா, தலையில் பூ வைத்துக்கொண்டு, கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று ரகசியமாகக் கூப்பிட்டார். மெஷின் காற்றைச் சுத்தம் பண்ணுகிறது என்றுதான் தெருவே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. இது அளக்கும், அவ்வளவுதான், ஒன்றும் சுத்தம் பண்ணாது என்று விளக்கினேன். நம்பவில்லை. "அண்ணாச்சி, எல்லாருக்கும் ஒரே மாதிரி வைக்கணும்னு உங்களுக்கு உத்தரவு இருக்கும், தெரியும். இன்னைக்கு மட்டும் பொண்ணு பாக்க வாராங்க, கொஞ்சம் கூட்டி வையுங்க."

டீச்சர் எப்போது வருவார்

மொட்டைமாடி எபனேசர் சாருடையது. நாசரேத்துப் பக்கம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வாடகை வேண்டாம் என்று சொல்லியே மெஷினுக்கு இடம் கொடுத்தார். காரணம், தெருமுனையில் இருந்த காலிமனை. நிலக்கரி ஏற்றப் போகும் லாரிகள் முறை வரும்வரை அங்கேதான் வந்து நிற்கும். அந்த மனை லாரிப் பேட்டையான பிறகு சாரின் மனைவி ஜெயராணி டீச்சருக்கு இளைப்பு வந்துவிட்டது. மூன்றாம் முறை ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டீச்சர் சாத்தான்குளத்தில் தங்கை வீட்டுக்குப் போனார். கல்யாணம் ஆன நாள் முதல் பிரிந்திராதவர்கள், இப்போது ராத்திரி ஒன்பதரை மணிக்குப் போனில் சேர்ந்து ஜெபம் பண்ணுகிறார்கள்.

லாரிகளை உப்பளத்துக்கு அப்பால் மாற்றச் சொல்லித் தெருவே கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்திருந்தது. கரி வருகிறது என்றால் எவ்வளவு, எப்போது என்று காட்டுங்கள் என்று பதில் வந்தது. அதைக் காட்டத்தான் மெஷின். காட்டினால் லாரி போகும், லாரி போனால் டீச்சர் வருவார். முதல் நாளே சார் என்னிடம் இதையெல்லாம் சொன்னார். கீழே அடுப்பில் தோசை கருகும் வாசம் மாடிவரைக்கும் வந்துகொண்டிருந்தது. "சீக்கிரம் அளந்து குடுங்க தம்பி. நானே சமைச்சி நானே சாப்பிடுதேன். இன்னும் கொஞ்ச நாள் போனா என்னையும் ஆஸ்பத்திரியில சேக்க வேண்டியிருக்கும்."

மீன் வாசம்

தாளைக் கையால் தொடக் கூடாது. கையுறை போட்டு இடுக்கியால் எடுக்க வேண்டும். சென்னையில் எடை பார்க்கிற தராசு அவ்வளவு நுணுக்கம், விரல் ரேகை பட்டால்கூடக் காட்டிக்கொடுத்துவிடும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். மனப்பாடம் வேறு, பசி வேறு.

ஒரு நாள் பொரித்த சாளை மீனைத் தின்றுகொண்டிருக்கும்போதே தாள் மாற்றும் நேரம் வந்துவிட்டது. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மாற்றினேன். எடுத்த தாள் மற்ற நாளைவிட எக்கச்சக்கமாக அழுக்கேறித் தெரிந்தது. காற்று அன்றைக்குப் படுமோசம் என்று குறிப்பும் எழுதி அனுப்பினேன். சென்னை லேபில் வித்யா மேடம் என்று ஒரு இளம்பெண். என் தாள்கள் எல்லாம் அவர் மேஜைக்குத்தான் போகும். மறுநாள் போன் வந்தது. "அண்ணா, பிரிச்சதுமே ரூம் பூரா வாசனை. இது தூத்துக்குடி காத்து இல்லண்ணா, தூத்துக்குடி சாப்பாடு."

உள்ளே என்ன இருக்கு

தாள்களைக் கூரியரில் அனுப்பப் போனால் உள்ளே இருக்கும் பொருள் என்ன என்று எழுதச் சொல்வார்கள். 'வடிதாள்' என்று எழுதினேன். புரியவில்லை என்றார் அங்கிருந்த ஆள். 'காற்று மாதிரி' என்று எழுதினேன். காற்று மாதிரி என்றால் காற்றா, காற்று போல வேறு ஏதாவதா என்று கேட்டார். பொறுமை போய், காற்றேதான் என்றேன். அவர் கவரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எடை போட்டு, ரசீது எழுதிக்கொண்டே சொன்னார்: "நம்ம ஊர்க் காத்துக்கு நீங்க கூலி குடுக்கணுமா அண்ணாச்சி? தென்காத்து அடிக்கட்டும், தானாவே சென்னைக்குப் போய்ச் சேரும்."

காற்றுப் பிரேக்

புத்தகம் படித்த திமிரில் ஒரு விடியற்காலை லாரிப் பேட்டைக்கே போனேன். வரிசையாக நின்ற வண்டிகள் எல்லாம் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தன. மாரியப்பன் என்று ஒரு டிரைவர், விளாத்திகுளத்துக்காரர், சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்திப் பல் விளக்கிக்கொண்டிருந்தார். ஓடாத வண்டிக்கு எதற்கு எஞ்சின், அணைத்துவிடலாமே என்று ஆரம்பித்தேன். கரித்துகள் நுரையீரலின் அடிவரை போய் உட்கார்ந்துகொள்ளும் என்பது வரைக்கும் நிறுத்தாமல் பேசினேன். அவர் வாய் நிறைய நுரையோடு முழுவதையும் கேட்டார்.

வாய் கொப்பளித்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "அண்ணாச்சி, இது காத்துல வேலை செய்யுற பிரேக்கு. டேங்குல ஏர் ஏறாம வண்டிய நவுத்துனா எங்கன போய் நிக்கும்னு எனக்கே தெரியாது. உங்க தாளு வெள்ளையாத்தான் இருக்கும். உங்க மேலயும் வெள்ளத்துணி போட்டு மூடிருவாங்க, பரவாயில்லையா?"

மலை வந்தது

ஒரு மாதம் ஓடியிருக்கும். வித்யா மேடம் போன் பண்ணினார். தினமும் ராத்திரி பத்தேகாலுக்குச் சின்னப் பெட்டியின் கோடு மலை மாதிரி ஏறி, ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடுகிறதாம். அந்த நேரத்தில் அங்கே என்ன நடக்கிறது, மெஷின் பக்கத்தில் ஏதாவது எரிகிறதா, பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.

இந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருப்பான். நான் அந்த நேரத்தில் தெருப்பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. தாள் மாற்றிய அலுப்பில் கடல்பக்கம் திரும்பி உட்கார்ந்து, நங்கூரம் போட்ட கப்பல்களின் விளக்கைப் பார்த்துக்கொண்டு, நாம் ஏன் எதற்கும் உருப்படவில்லை என்று யோசிக்கும் நேரம் அது. ஆனால் வாய் சொன்னது: "லாரிதான் மேடம். என் கண்ணால பாக்கேன்."

மேடம் அனுப்பிய எண்களை வைத்து, சார் ஒவ்வொரு நாளின் கோட்டையும் வரைபட நோட்டில் தன் கையாலேயே வரைந்தார். முப்பது ராத்திரி, முப்பது மலை. அதன் நகலை மனுவோடு சேர்த்துக் கொடுத்தார். பேச்சுவார்த்தைக்கு ஒரு திங்கட்கிழமை நாள் குறித்துத் தகவலும் வந்தது. அன்று ராத்திரி ஜெபம் முடிந்ததும் அவர் போனில் பேசியது படிக்கட்டுவரை கேட்டது. "ராணி, ஆதாரம் கிடைச்சிட்டு. நீ பெட்டியக் கட்ட ஆரம்பி."

மலையைக் காணோம்

எனக்கு டெங்கு வந்தது. எனக்குப் பதிலாக எங்கள் ஒப்பந்தக்காரர் மீரானை அனுப்பினார். காயல்பட்டினத்து ஆள், கல்ஃபில் ஏசி மெக்கானிக்காக இருந்து திரும்பியவர். ஆறாம் நாள் மேடம் போன் பண்ணி உடம்பு எப்படி என்று விசாரித்துவிட்டு, தயங்கித் தயங்கி, ஐந்து நாளாக மலையைக் காணோம் என்றார். லாரிக்காரர்கள் ஸ்டிரைக்கா என்று கேட்டார்.

எனக்கு மீரான்மேல்தான் கோபம் வந்தது. பெட்டியைக் குடைந்து கெடுத்துவிட்டார் என்று முடிவு கட்டி, படுத்தபடியே அவருக்குப் போன் போட்டுக் காய்ச்சிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "நான் எதுக்கு அண்ணே அதத் தொடுதேன்? நான் பாட்டுக்கு கரண்ட் மட்டைய வச்சிக் கொசுவ அடிச்சிக்கிட்டுக் கெடக்கேன். உங்க கொசுவத்தி டப்பா குழாய்க்கு அடியில அப்படியே இருக்கு. எனக்கு அந்தப் புகை ஆவாது, அதான் கொளுத்தல."

புத்தகத்தில் இல்லாதது

மெஷின் பக்கத்தில் புகைபிடிக்கக் கூடாது என்று புத்தகத்தில் இருந்தது. அதற்காக ஒவ்வொரு பீடிக்கும் மாடி இறங்கித் தெருமுனைவரை போய்வந்தவன் நான். கொசுவர்த்தி என்று அதில் போடவில்லை. எழுதியவன் ஊரில் கொசு கிடையாது போல. பத்து மணிக்குத் தாள் மாற்றிவிட்டு, பத்தேகாலுக்குக் கொசுவர்த்தியைக் கொளுத்தி, காற்றில் அணையாமல் இருக்கட்டும் என்று பெட்டிக்கு அடியில், சரியாகக் குழாயின் மூக்குக்குக் கீழே வைப்பேன். ஒரு மணி நேரத்தில் கொசு அடங்கியதும் நுனியைக் கிள்ளி அணைத்து மிச்சத்தை மறுநாளைக்கு வைத்துக்கொள்வேன். மலையின் ஏற்றம் என் சோம்பல், இறக்கம் என் கஞ்சத்தனம்.

கஞ்சி கொண்டுவந்த என் மனைவி, முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள். முழுக்கச் சொன்னேன். அவள் தம்ளரை என் கையில் கொடுத்தாள். "அவ்வளவு புகையையும் போட்டும் உங்களத்தான் கொசு கடிச்சிருக்கு. காத்தும் கெட்டு, காய்ச்சலும் வந்து. ரெண்டுல ஒண்ணுக்காவது பிரயோசனப்பட்டிருக்கலாம்."

பெட்டி

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். லாரிக்காரர்களுக்கு இது தெரியாது. மேடம் சந்தேகப்பட்டாலும் நான் சாதித்தால் விட்டுவிடுவார். லாரி புகை விடுகிறது என்பது பொய்யில்லையே, எந்த நேரம் என்பதில்தானே தகராறு? டீச்சர் வீடு வந்து சேர்ந்தால் அந்தப் பாவம் தானாகக் கரைந்துவிடாதா? காய்ச்சல் விட்டு வேலைக்குத் திரும்பியதும் இரண்டு ராத்திரி மாடியில் சுவருக்குச் சுவர் நடந்து எனக்கு நானே வக்கீலாக இருந்தேன். நல்லாவே வாதாடினேன். ஆனால் லாரிக்காரர்களில் யாராவது ஒருத்தர் பத்தேகாலுக்குப் பேட்டையைப் படம் பிடித்து வந்து காட்டினால், முப்பது மலையோடு சாரின் பெயரும் சேர்ந்து விழுமே என்ற இடத்தில் வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்குக் கீழே இறங்கினேன். சார் காப்பி கலந்துகொண்டிருந்தார். எனக்கும் ஒரு தம்ளர் ஊற்றினார். "சார், அந்த மலை லாரி இல்ல. நான்தான்" என்று ஆரம்பித்து ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் காப்பியை மூடி வைத்தார். போனை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எண்ணைத் தேடி அழுத்தினார். அந்தப் பக்கம் எடுத்ததும் குரலைச் சரிசெய்துகொண்டார். "ராணி, பெட்டியக் கட்டிட்டியா? சரி, சரி. ஒரு அவசரமும் இல்ல. அவுத்து வச்சிரு."

சிவப்பு மை

அப்புறம் அவர் வரைபட நோட்டை எடுத்து மேஜையில் விரித்தார். சிவப்புப் பேனாவால் முதல் நாள் மலையின் குறுக்கே ஒரு கோடு. இரண்டாம் நாள், ஒரு கோடு. நான் பரீட்சையில் தோற்ற பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். முப்பதையும் அடித்து முடித்ததும் பேனாவை மூடாமல் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மலை போன பிறகுதான் கண்ணில் பட்டது. எல்லா நாளிலும் விடியற்காலையில் ஒரு மேடு, உயரம் குறைவு, ஆனால் நல்ல அகலம். மலையின் பெருமையில் அதை நாங்கள் ஒருத்தரும் சட்டை பண்ணவில்லை. நான் காய்ச்சலில் கிடந்த நாள்களிலும் அது இருந்ததா என்று அங்கிருந்தே மேடத்துக்குப் போன் போட்டுக் கேட்டோம். இருந்தது.

"இது என்ன தம்பி?" என்று கேட்டார் சார். லாரிதான் சார், கண்ணால் பார்க்கிறேன் என்று நாக்கின் நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு, லாரி உறுமியதை ஒரே ஒரு விடியற்காலைதான் பார்த்தேன், தினமுமா என்று நிச்சயமாகத் தெரியவில்லை சார் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த வேலைக்கு வந்ததுல இருந்து இன்னைக்குத்தான் ஒரு சரியான பதில் சொல்லியிருக்கீங்க."

பேச்சுவார்த்தை

நடந்ததைச் சொன்னதும் மேடம் அதை எழுத்தில் கேட்டார். எழுதினேன். இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை, தினமும் இரவு பத்தேகால் மணிக்கு, கொசுவர்த்தி கொளுத்திக் காற்றில் கரித்துகள் கலக்கக் காரணமாக இருந்தவன் நானே என்று மூன்று பிரதி. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில், அதிகாரி அதை எல்லார் முன்னாலும் சத்தமாக வாசித்தார். கொசுவர்த்தி என்ற இடத்தில் அவராலேயே முடியவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். லாரிக்காரர்கள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். எங்கள் தெருக்காரர்கள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதவில்லை.

லாரிக்காரர்கள் சங்கத் தலைவர் அதோடு விட்டிருக்கலாம். வெற்றியை இன்னும் கொஞ்சம் அழுத்தமாக்க நினைத்து, டிரைவரையே கேளுங்கள் என்று மாரியப்பனை எழுப்பிவிட்டார். மாரியப்பன் உண்மையான கோபத்தோடு பேசினார். "ராத்திரி பத்தேகாலுக்கு எவன் சார் வண்டிய எடுப்பான்? நாங்க எல்லாம் தூங்கிக்கிட்டு இருப்போம். நாலு மணிக்குத்தான் எந்திரிப்போம். அம்புட்டு வண்டியையும் ஒண்ணா ஸ்டார்ட் பண்ணி, ஆறு மணி வரைக்கும் நிப்பாட்டாம ஏர் ஏத்துவோம். எந்த நாளு வேணாலும் வந்து பாருங்க, மணி தப்பாது."

எபனேசர் சார் எழுந்து போய், நோட்டை விரித்து, சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த மேட்டில் விரலை வைத்து அதிகாரி முன்னால் நீட்டினார். நாலு மணிக்கு ஏறி ஆறு மணிக்கு இறங்கியிருந்தது, முப்பது நாளும். அதிகாரி நோட்டையும் மாரியப்பனையும் மாறி மாறிப் பார்த்தார். தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு டிரைவர் பக்கம் குனிந்தார். "ஏலே, ஒன்ன யாருலே இவ்வளவு வெவரமாச் சொல்லச் சொன்னது?"

டீச்சர் வந்தார்

லாரிகள் உடனே போய்விடவில்லை. பாதி போயின, அப்புறம் அதில் பாதி திரும்பி வந்தன, மறுபடியும் விரட்டப்பட்டன. கடைசியில் மனை காலியானது. மேடம் பெட்டியைப் பார்த்து விடியற்கால மேடு தரைமட்டமாகிவிட்டது என்று சொன்ன பிறகுதான் சார் சாத்தான்குளத்துக்குப் பஸ் ஏறினார். இரண்டு பெட்டி, ஒரு பை, டீச்சர் என்று ஆட்டோவில் வந்து இறங்கினார்கள்.

மூன்று நாள் நான் படிக்கட்டில் காதை வைத்துக்கொண்டிருந்தேன். இளைப்புச் சத்தம் கேட்கவில்லை. நாலாம் நாள் காலை நான் இறங்கும்போது டீச்சர் வாசலில் நின்றிருந்தார். நடந்தது எல்லாம் சார் சொல்லியிருப்பார் என்பது முகத்திலேயே தெரிந்தது. ஏதோ நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்து, அதெல்லாம் வேண்டாம் டீச்சர் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். "தம்பி, லாரி போச்சி, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். உங்க மெஷின்தான் தலைக்கு மேல ராத்திரி பூரா இரைஞ்சிக்கிட்டே கெடக்கு, ஒரு பொட்டுத் தூக்கமில்ல. அத எப்ப எடுப்பீங்க?"

இத்தனை லாரி ஓடி, இத்தனை புகைபோக்கி நின்று, இத்தனை கப்பல் வந்துபோகிற ஊரில், காற்றைக் கெடுத்தது நான்தான் என்று மூன்று பிரதியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் இன்றுவரை நான் ஒருவன்தான்.